அக்காவின் செம்மறிக் கிடாய்

எங்கள் ஊரில் எதைக் கேட்டாலும் முதலில் வருகிற பதில் "நடக்காது" என்பதுதான். மழை வருமா என்றால் வராது. பசுவந்தனை பஸ் வருமா என்றால் அதுவும் வராது. வானத்தைப் பார்த்துப் பருத்தி விதைக்கிறவர்களுக்கு அது ஒரு தற்காப்பு. நடந்துவிட்டால் சந்தோஷம். நடக்காவிட்டால் நான்தான் அப்பவே சொன்னேனே என்று வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொள்ளலாம். அந்த ஊருக்கு வாழ வந்தும் அந்தச் சொல்லை மட்டும் பழகிக்கொள்ளாத ஒருத்தி இருந்தாள். என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா மகனைக் கட்டியவள். மாமியாரை விட்டுத் தனியாக, எங்களுக்கு அடுத்த வீட்டில் இருந்தாள். நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

யார் எதை நடக்காது என்றாலும் அக்காவுக்கு ஒரே பதில்தான். "பாப்போம்."

சவால் விடுகிற குரலில் சொல்லமாட்டாள். அடுப்பில் பால் வைத்துவிட்டுப் பொங்கும்வரை பக்கத்தில் நிற்கிறவள் எப்படி நிற்பாளோ, அப்படி ஒரு நிதானம் அந்தச் சொல்லில் இருக்கும்.

ஒரு தடவை பருத்திக்காட்டில் நாய் விரட்டி, ஒரு மயில் முட்டைகளை விட்டுவிட்டு ஓடிப்போனது. அக்கா அவற்றை முந்தானையில் பொதிந்து எடுத்துவந்து அடைகிடந்த கோழியின் அடியில் வைத்தாள். கோழிச் சூடு மயிலுக்குப் பத்தாது, கூமுட்டையாகப் போகும் என்று தெருவே சொன்னது. பாப்போம் என்றாள். இரண்டு குஞ்சு பொரித்தது. கோழியின் பின்னாலேயே கீச்சிட்டுத் திரிந்த அந்தக் குஞ்சுகள் ஒருநாள் ஓட்டுக்கூரை மேல் பறந்து உட்கார்ந்துகொள்ள, கோழி கீழே நின்று கத்திக்கொண்டு வளைய வளைய ஓடியது. உடனே தெரு, "இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான" என்று மாற்றிப் பேசியது. எங்கள் ஊர் தோற்றதாகச் சரித்திரமே கிடையாது.

ஆனால் அவளை நினைத்தால் எனக்கு முதலில் தெரிவது அந்தச் செம்மறிக் கிடாய்தான். முதுகெல்லாம் செம்பழுப்பு, அடிவயிறு கறுப்பு, காதைச் சுற்றி வளைந்த கொம்பு. ஒரு காதின் நுனி வெட்டியிருக்கும். சாமிக்கு நேர்ந்துவிட்டதற்கு அது அடையாளம். முதல் தடவை மூன்றாம் மாசத்தில் கரு கலைந்தபிறகு, ஊர்க்காவல் சாமியிடம் போய் அக்கா வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிறந்து முதல்முடி எடுக்கிற அன்றைக்கு இதை உனக்கு வெட்டுகிறேன் என்று ஒரு பால்குடிக் குட்டியை வாங்கிக் காதை வெட்டி விட்டாள்.

நேர்ந்துவிட்ட கிடாயெல்லாம் எங்கள் பக்கத்தில் அதிக நாள் இருக்காது. ஒரு வருஷம், மிஞ்சினால் இரண்டு. பிள்ளை பிறக்கும், முடி எடுப்பார்கள், கிடாய் குழம்பாகிவிடும். அக்காவின் கிடாய் மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது. குட்டியாக இருந்தது கொம்பு முளைத்து, கொம்பு வளைந்து, தாடையெல்லாம் சதைவைத்து, பார்க்கிறவர்களுக்கெல்லாம் அவளுடைய வயிறு இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது என்று தெருத்தெருவாய்ச் சொல்லிக்கொண்டு திரிந்தது. "கிடா பல்லு விழுந்தபெறகுதான் வெட்டுவா போல" என்று டீக்கடையில் சிரிப்பார்கள். அவள் காதில் விழும்படியாகவே சிரிப்பார்கள்.

அவளோ அதைக் கொஞ்சுவாள். வெட்டப்போகிற கிடாயை யாராவது கொஞ்சுவார்களா? சோளத்தட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, "ரா நாயனா, ரா" என்று கூப்பிடுவாள். தெலுங்கில் பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிடுவார்களாம், வாடா ராசா என்கிற மாதிரி. எங்களோடு பேசும்போது எங்களைவிட நன்றாகத் தமிழ் பேசுவாள். தெலுங்கு அந்தக் கிடாய்க்கு மட்டும்தான். அது எங்கே நின்றாலும் அந்தக் குரலுக்குத் தலையை நிமிர்த்தி, உடம்பை ஒரு உலுக்கு உலுக்கிக்கொண்டு ஓடிவரும். வேறு யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காது.

ஆமாம், அவள் தெலுங்கு பேசுகிற வீட்டுப் பெண். அதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் அவள் வீட்டுக்காரர் குச்சிக்கு மருந்து முக்குகிற இடத்தில் இருந்தார். அவள் குச்சி அடுக்குகிற இடத்தில் இருந்தாள். இரண்டு வீடுமே காடுகரை உள்ள சம்சாரி வீடுதான். இரண்டு வீடும் ஒத்துக்கொள்ளவில்லை. கழுகுமலைக்குப் போய் மாலை மாற்றிக்கொண்டு மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். நான் அப்போது கல்யாணமாகி வந்து ஒரு மாசமோ என்னவோ. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவின் மாமியார், எனக்குப் பெரியத்தை, ஆரத்தி எடுக்கவில்லை. கதவையும் சாத்தவில்லை. நடையில் நின்றபடி தெருவுக்கெல்லாம் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"வெள்ளாடும் செம்மறியும் ஒரு கெடையில படுக்கலாம். ஒரு தொட்டியில தண்ணி குடிக்கலாம். வம்சம் தங்காது. இந்த வீட்ல தொட்டில் ஆடாது, சொல்லிட்டேன்."

புதுப்பெண் தலையைக் குனிந்துகொண்டு, "பாப்போம் அத்தை" என்றாள்.

நான் அந்தச் சொல்லை முதன்முதலில் கேட்டது அன்றைக்குத்தான். அன்றிலிருந்து ஊரும் பார்க்க ஆரம்பித்தது. அவளுடைய வயிற்றைத்தான் பார்த்தது.

அரசாங்கம் சுவருக்குச் சுவர் சிவப்பு முக்கோணம் வரைந்து, பிள்ளை போதும் போதும் என்று கும்பிட்டுக்கொண்டிருந்த காலம் அது. அப்படி முக்கோணம் வரைந்த ஒரு சுவரில் சாய்ந்துதான் நாங்கள் இரண்டுபேரும் கட்டை அடுக்குவோம், தீப்பெட்டி ஆபீஸில் தருகிற கட்டைச் சட்டத்தில் குச்சியை வரிசையாகச் செருகுகிற வேலை. என் மடியில் ஒன்று, முதுகில் ஒன்று தொங்கும். எனக்கு மட்டும் ஏன் அப்படி வந்தது என்று நானே வெட்கப்படுவேன். அக்கா என் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டே குச்சி அடுக்குவாள். ஒரு குச்சி கோணாது. இரண்டாம் தடவையும் அவளுக்குத் தங்காமல் போனபோது நாலைந்து நாள் கட்டை வாங்க வரவில்லை. அப்புறம் வந்து உட்கார்ந்து, என் பிள்ளைக்குக் கையை நீட்டினாள்.

இதற்கு நடுவில்தான் அக்கா வளர்த்த வெள்ளாடு சினையானது.

பெயர்தான் வெள்ளாடு, நிறம் கன்னங்கரேல் என்று எங்கள் மண் மாதிரி இருக்கும். அதையும் கிடாயையும் ஒன்றாகவே வளர்த்தாள். கிடை போடுகிறவர்கள் கிடாயின் அடிவயிற்றில் சாக்குத்துணி கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள், பருவம் தப்பிச் சினை பிடிக்காமல் இருக்க. சாமிக்கு விட்ட உருப்படிக்கு அப்படித் துணி கட்டக்கூடாது என்பது எங்கள் ஊர் முறை. கட்டவும் இல்லை. கட்டவேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை, செம்மறியும் வெள்ளாடும்தானே, என்ன ஆகப்போகிறது என்று. அந்த அடைமழை மாசம் முழுக்க வெள்ளாடு மேய்ச்சலுக்கே போகாமல் வீட்டு வாசலில்தான் கட்டிக்கிடந்தது. அப்புறம் பார்த்தால் வயிறு.

அக்காவின் முகத்தை நீங்கள் அப்போது பார்த்திருக்கவேண்டும். "ஏட்டி, இங்கன வா, தொட்டுப் பாரு" என்று என் கையைப் பிடித்து ஆட்டின் வயிற்றில் வைத்தாள். "சேராதுன்னாவள்லா? சேந்திருக்குல்லா?"

ஊரில் வேறு பேச்சே இல்லை. குட்டி வந்தால் செம்மறி ரோமம் இருக்குமா வெள்ளாட்டு மயிர் இருக்குமா, வால் மேலே தூக்குமா கீழே தொங்குமா என்று டீக்கடையில் தர்க்கம் நடந்தது. தாடி வைத்த செம்மறி பிறக்கும் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். பெரியத்தை மட்டும் சிரிக்கவில்லை. "பிடிச்சா போதுமா? நிக்கணும்லா" என்றாள்.

அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. கோவில்பட்டி மாட்டாஸ்பத்திரிக்குப் போகலாம் வா என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். ஆட்டைக் கொண்டுபோகவில்லை, கேள்வியை மட்டும்தான் கொண்டுபோனாள். டாக்டர் வயசான மனுஷர். நல்ல மாதிரி. எங்களை உட்காரச் சொன்னார்.

"செம்மறிக் கிடாவும் வெள்ளாடும் சேந்தா குட்டி வருமா சார்?"

"சேரும்மா. வெள்ளாடு சில நேரம் சினையும் பிடிக்கும். ஆனா தங்காது. ரெண்டு மாசம் போல உள்ளேயே செத்துப்போயிரும். எங்கயோ அபூர்வமா உசுரோட பிறந்திருக்குன்னு படிச்சிருக்கேன். நான் பாத்ததில்ல."

"ஏன் சார் தங்காது?"

அவர் மேஜையில் இருந்த நூல்கண்டை எடுத்துக் காட்டிச் சொன்னார். "ஒவ்வொரு உசுருக்குள்ளயும் இந்த மாதிரி கண்ணுக்குத் தெரியாத இழை இருக்கு. தாய்கிட்ட இருந்து பாதி, தகப்பன்கிட்ட இருந்து பாதி. வெள்ளாட்டுக்கு மொத்தம் அறுபது. செம்மறிக்கு அம்பத்துநாலு. பாதிப்பாதியா சேத்தா ஜோடி சேராம மிச்சம் நிக்கும். கணக்கு இடிக்கும். அதான்."

அக்கா அந்த நூல்கண்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"மனுசருக்கு எத்தன சார்?"

"நாப்பத்தாறு."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான்."

"தெலுங்கு பேசுதவங்களுக்கும், தமிழ் பேசுதவங்களுக்கும்?"

டாக்டர் சிரிக்கப் போனார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "எந்தப் பாஷை பேசினாலும் ஒரே கணக்குதாம்மா. மனுசன்ல வெள்ளாடு செம்மறியெல்லாம் கிடையாது."

வரும்போது பஸ்ஸில் அவள் என் கையை விடவே இல்லை. ஆடு போனால் போகட்டும், ஆட்டுக்குக் கணக்கு வேறு, நமக்கு ஒன்றுதான் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஊருக்கு வந்ததும் நேரே பெரியத்தை முன்னால் போய் நின்று அதையே சொன்னாள். பெரியத்தை முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல், "கணக்கு ஒண்ணுன்னா புள்ளைய எங்கம்மா, காணுமே" என்றாள்.

மறுநாள் கட்டை அடுக்கும்போது அக்கா குச்சியைப் பார்த்தபடியே என்னிடம் கேட்டாள்.

"கணக்கு ஒண்ணுதான்னு டாக்டரே சொல்லிட்டாவ. அப்ப ரெண்டு தடவையும் ஏன்ட்டி தங்கல?"

அதுவரைக்கும் அவளுக்கு ஊர்மேல் கோபப்படவாவது ஒரு காரணம் இருந்தது. டாக்டர் நல்ல மனசோடு அதையும் பிடுங்கிக்கொண்டுவிட்டார் என்று எனக்குத் தோன்றியது.

டாக்டர் சொன்னபடியே வெள்ளாடு ஒருநாள் காலையில் போட்டுவிட்டது. உள்ளங்கையில் அடங்குகிற அளவு. மயிர் இல்லை, கண் திறக்கவில்லை. வெள்ளாடா செம்மறியா என்று யாராலும் சொல்லமுடியாது. அக்கா அதைக் கழுவி, மஞ்சள் தடவி, பழைய வேட்டித் துணியில் சுற்றிப் புழக்கடையில் புதைத்தாள். "ஒருத்தர்ட்டயும் சொல்லாத, ஏட்டி" என்றாள். ஊரிடம், ஆடு சினையே இல்லை, மழைப்புல்லைத் தின்று கொழுத்த வயிறு அது என்று சொன்னாள். அவள் பொய் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான். அந்தப் பொய்க்கும் காரணம் இருந்தது. அப்போது அவளுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது.

இந்தத் தடவை மூன்றாம் மாசம் கடந்தது. ஐந்தும் கடந்தது. ஊர் பேச்சைக் குறைத்துக்கொண்டது. ஏழாம் மாசம் பெரியத்தை ஒருநாள் தானாகவே வந்து ஒரு சட்டி நிறைய உளுந்தங்களி வைத்துவிட்டுப் போனாள். அக்கா அதை உட்கார்ந்து முழுதும் தின்றாள். எனக்கு ஒருவாய் கேட்டதற்குக்கூடத் தரவில்லை. கிடாயைத் தடவிக்கொண்டே, "ஒனக்கு நாள் வந்துட்டு நாயனா" என்று தமிழும் தெலுங்குமாகச் சொல்லி அழுவாள், சிரிப்பாள். பிள்ளை வந்து முடி எடுக்கிற அன்றைக்கு இது போகவேண்டும். அவளுக்கு இரண்டுமே பிள்ளைதான். அந்த வேண்டுதலை யார் கண்டுபிடித்தார்களோ.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் வலி எடுத்தது. மழையில் பஸ் வரவில்லை, வண்டியும் கரிசல் சேற்றில் புதைந்துவிட்டது. பக்கத்தூர் மருத்துவச்சிதான் பார்த்தாள். நான் கூட இருந்தேன். பையன். நிறைமாசப் பிள்ளை, நல்ல எடை. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. மருத்துவச்சி தலைகீழாய்ப் பிடித்துத் தட்டினாள், ஊதினாள், வெந்நீரும் பச்சைத்தண்ணீருமாய் ஊற்றிப் பார்த்தாள். அழவே இல்லை.

"இது யாருக்கும் நடக்கும் தாயி. ஒன் மேல குத்தமில்ல" என்றாள் மருத்துவச்சி.

அக்கா பிள்ளையை வாங்கி மடியில் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தலை நிறைய முடி, சுருள் சுருளாய், ஈரத்தோடு நெற்றியில் ஒட்டியிருந்தது. "கத்திரி கொண்டா" என்றாள். தீப்பெட்டித் தாள் வெட்டுகிற கத்திரியை எடுத்துவந்தேன். என்னைத்தான் வெட்டச் சொன்னாள். ஒரு கொத்து வெட்டிக் கொடுத்தேன். மஞ்சள் துணியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அவள் வீட்டுக்காரர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது முழங்கால்வரை கரிசல் அப்பியிருந்தது. அதைக் கழுவாமலே வெகுநேரம் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

தீட்டுக் கழிந்ததும் அக்கா குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு, குங்குமச்சிமிழோடு வீடு வீடாகப் போனாள். ஒவ்வொரு வாசலிலும் நின்று ஒரே வார்த்தை.

"எம் புள்ளைக்கு முடி எடுக்கோம். செவ்வாக்கிழமை. கோயிலுக்கு வந்திருங்க."

மார்பில் பால் ஊறி ரவிக்கை நனைந்திருந்தது. பித்துப் பிடித்துவிட்டது என்றார்கள் சிலர். பெரியத்தை வீட்டு வாசலில் மட்டும் பேச்சு நடந்தது.

"கிடாய வெட்டாதம்மா. இருக்கட்டும். அடுத்த பேறு வரட்டும்." பெரியத்தையின் குரல் முன்னே மாதிரி இல்லை. "புள்ளதான் இல்லையே. எதுக்கு வெட்டணும்?"

"இருந்துச்சு அத்தை. பத்து மாசம் இருந்துச்சு. தலை நெறைய முடி இருந்துச்சு. இவ பாத்தா, கேளுங்க." என்னைக் காட்டினாள். "நேந்தத நான் செய்யலேன்னா, எனக்குப் புள்ளையே பொறக்கலன்னு ஆயிரும்லா? நீங்க சொன்ன வெள்ளாடு செம்மறி கதைதான் நெசம்னு நின்னுரும்லா?"

பெரியத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அந்த இடத்தில் நிற்கமுடியாமல் வந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை கொஞ்சம் பேர்தான் வந்தார்கள். பெரியத்தை வந்தாள். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் முதல்முடி எடுப்பது. அவளுடைய பிறந்த வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. மஞ்சள் முடிச்சு அவள் மடியிலேயே இருந்தது. பூசாரி தயங்கித் தயங்கி அதை வாங்கிச் சாமி காலடியில் வைத்தார். பிள்ளை பேர் என்ன என்று வழக்கப்படி கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அக்கா ஒரு பேர் சொன்னாள். எப்போதோ யோசித்து வைத்திருந்த பேர். அதை நான் இங்கே எழுதவில்லை. அது அவள் சொத்து.

கிடாயின் தலையில் தண்ணீர் தெளித்தார்கள். அது உடம்பை உலுக்கினால்தான் சாமி உத்தரவு. உலுக்கவில்லை. மறுபடி தெளித்தார்கள். கல்லாய் நின்றது. குடத்தோடு ஊற்றினார்கள். வாலைக்கூட அசைக்கவில்லை.

"சாமி வேண்டாங்குது" என்றாள் பெரியத்தை. "அத விட்ருவோம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவோம்மா." எல்லாருமே அதற்குத்தான் காத்திருந்தோம். பூசாரிகூட அரிவாளைக் கீழே வைத்துவிட்டார்.

அக்கா எழுந்து நாலு எட்டு தள்ளிப் போய் நின்றாள். சோளத்தட்டை பிடிக்கிற மாதிரி வெறுங்கையை நீட்டினாள்.

"ரா நாயனா," என்றாள். "ரா."

கிடாய் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தது. தண்ணீர் தெறிக்க உடம்பு முழுவதும் ஒரு உலுக்கு உலுக்கிக்கொண்டு அவளிடம் ஓடப்பார்த்தது.

அவ்வளவுதான். மீதியை நான் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன்.

வந்தவர்களுக்கு அவளே பரிமாறினாள். பெரியத்தை பந்தியின் கடைசியில் உட்கார்ந்து, "எம் பேரன் சோறு" என்று சொல்லி வாங்கிக்கொண்டாள். அதைச் சொல்ல அவளுக்கு அத்தனை வருஷம் ஆனது.

நாங்கள் வீடு திரும்பும்போது அக்காவின் கையில் கயிறு மட்டும் இருந்தது. வாசலில் கட்டிக்கிடந்த வெள்ளாடு அந்தக் கயிற்றைப் பார்த்ததும் எழுந்து, தெருமுனைப் பக்கம் கழுத்தை நீட்டிக் கத்த ஆரம்பித்தது. பின்னால் வருகிறது என்று நினைத்திருக்கும். தழையைப் போட்டும் திரும்பவில்லை. கத்திக்கொண்டே இருந்தது.

அக்கா அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கழுத்தைக் கட்டிக்கொண்டு, காதோடு காதாய்த் தெலுங்கில் ஒரே ஒரு சொல் சொன்னாள்.

"ராடு," என்றாள். "ராடும்மா. ராடு."

அர்த்தம் கேட்கத் தேவையிருக்கவில்லை. இத்தனை வருஷம் "ரா" என்று கூப்பிட்டதைக் கேட்டவள் நான். வரமாட்டான் என்கிறாள். நடக்காது, வராது, தங்காது என்று ஊரே சொன்னபோதெல்லாம் பாப்போம் என்றவள், முதன்முதலாக அன்றைக்குத்தான் அதைச் சொன்னாள். அதையும் எங்கள் யாரிடமும் சொல்லவில்லை, அந்த ஆட்டிடம்தான் சொன்னாள்.